அந்த ஒரு பல்

பெரிய வேலை பார்த்துக் கொடுத்த என்ஜினில் புதிதாக ஒரு எரர் கோடு வந்தால், கடைசியாகக் கை வைத்த இடத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பட்டறையில் எனக்குச் சொல்லித் தந்த பாலபாடம் அது. என்னிடம் வேலை கற்க வந்த பையன்களுக்கு நானும் அதையே சொல்லித் தந்திருக்கிறேன். அப்படியிருந்தும் என்னை நம்பி வண்டியை விட்டுப்போன ஒருவரின் காரில், அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் தேடினேன். தெரியாமல் செய்யவில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் பெட்ரோல் கார் அது. ஹெட் கேஸ்கட் போய் கூலன்ட் ஆயிலில் கலந்திருந்தது. ஹெட்டை இறக்கி, லேத்தில் ஃபேஸிங் கொடுத்து, வால்வு லேப்பிங் செய்து, டைமிங் செயினும் டென்ஷனரும் புதிதாகப் போட்டேன். செயினை மாட்டி டென்ஷனர் பின்னை உருவியதும், கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். கிராங்க் இரண்டு சுற்று போனால் கேம் ஒரு சுற்று போகும். ஸ்ப்ராக்கெட்டில் உள்ள குறிகள் பழையபடி நேருக்கு நேர் வந்து நிற்க வேண்டும். செயினில் இருக்கும் வர்ணக் கண்ணிகள் அப்போது குறிக்கு நேரே வராது, அதைப் பார்த்துக் குழம்பத் தேவையில்லை. இரண்டு நிமிட வேலை. அன்று சாயங்காலமே வண்டி வேண்டும் என்று அவர் வந்து உட்கார்ந்திருந்தார். நான் சுற்றிப் பார்க்காமல் கேஸ்கட் பேஸ்ட் தடவி டைமிங் கவரை மூடினேன்.

சில நாளில் செக் என்ஜின் லைட் எரிந்தது. ஸ்கேனரில் பி0016. கிராங்க் சென்சார் சொல்லும் நிலையும் கேம் சென்சார் சொல்லும் நிலையும் ஒத்துப்போகவில்லை என்பதுதான் இந்தக் கோடு சொல்லும் சேதி. எந்தப் பாகம் கெட்டது என்று எந்தக் கோடும் சொல்வதில்லை. சென்சார் கெட்டிருக்கலாம், வயரிங்கில் கோளாறு இருக்கலாம், விவிடி ஆயில் வால்வு அடைத்திருக்கலாம். ஆனால் செயினை இப்போதுதான் மாற்றிய என்ஜினில் இந்தக் கோடு வந்தால், டைமிங்கைப் பார்க்காமல் வேறெதையும் தொடக் கூடாது.

“அண்ணே, ஒரு பல்லு தாண்டியிருக்குமோ?” என்று என்னிடம் வேலை கற்றுக்கொண்டிருந்த பையன் கேட்டான். கஸ்டமர் நின்றுகொண்டிருந்தார். “நேத்து வந்தவன் நீ எனக்குச் சொல்லித் தர்றியா?” என்று அவர் முன்னாலேயே அவனைப் பார்த்துக் கத்தினேன். அவன் கேட்ட நொடியிலேயே என் வயிறு கலங்கியது. அதனால்தான் அவ்வளவு சத்தம் போட்டேன்.

“சார், சென்சார் போயிருச்சு, மாத்திட்டா சரியாயிரும்” என்றேன். “நீங்க பாத்துச் செய்யுங்க தம்பி” என்றார். கேம் சென்சார் மாற்றினேன். கோடு திரும்ப வந்தது. கிராங்க் சென்சார் மாற்றினேன். ஒவ்வொரு முறையும் கோடை அழித்துத்தான் வண்டியைக் கொடுத்தேன். பல கோடுகளுக்கு அடுத்தடுத்து இரண்டு ஓட்டங்களில் தவறு தென்பட்டால்தான் கம்ப்யூட்டர் லைட்டைப் போடும். அழித்த கையோடு வண்டியை எடுத்துப் போகிறவருக்கு எல்லாம் சரியானதுபோலத் தெரியும். அந்த இடைவெளியில்தான் நான் ஒளிந்துகொண்டேன்.

ஹெட்டைச் சீவியதால் கேம் கொஞ்சம் இறங்கியிருக்கும், அதில் வந்த வித்தியாசம்தான் என்று எனக்கு நானே ஒரு காரணமும் வைத்திருந்தேன். கணக்குப் போட்டால் அது நிற்காது. கால் மில்லிமீட்டர் சீவினாலும் கிராங்க்கில் ஒரு டிகிரி அளவுக்குக்கூட வராது. கிராங்க் ஸ்ப்ராக்கெட்டில் 20 பல் என்றால் ஒரு பல் தள்ளினால் 18 டிகிரி. பிக்கப் குறைந்திருக்கிறது, மைலேஜும் இல்லை என்று அவர் சொல்லிக்கொண்டேதான் இருந்தார். வேக்குவம் கேஜை இன்டேக்கில் செருகியிருந்தால் முள் ஆடாமல் தாழ்வாக நின்று விஷயத்தைச் சொல்லியிருக்கும். கேஜ் என் டிராயரிலேயே இருந்தது. எடுக்கவில்லை. எடுத்தால் கவரைத் திறக்க வேண்டிவரும்: மவுன்ட், புல்லி, சம்ப் எல்லாம் கழற்றி ஒரு நாள் முழுக்க வேலை, கூலி கேட்க முடியாது, அவர் முகத்தைப் பார்த்து என் தப்பு என்று சொல்ல வேண்டும். செயின் இன்னும் ஒன்றிரண்டு பல் தாண்டியிருந்தால் வால்வு பிஸ்டனில் இடித்திருக்கும். பேரப்பிள்ளைகளோடு அந்த வண்டியில் அவர் ஊருக்குப் போய் வந்தார் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு பதறுகிறது.

கடைசியில் வண்டியை நிறுத்தச் சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷட்டரை இறக்கிவிட்டுத் தனியாகத் திறந்தேன். கிராங்க் குறி நேராக நின்றது. கேம் குறி ஒரு பல் பின்னால் இருந்தது. சரியாக மாட்டி, இரண்டு சுற்று சுற்றிப் பார்த்து மூடினேன். அதன்பின் கோடு வரவில்லை, பிக்கப்பும் திரும்பியது.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். “ஒரு வயர் லூசா இருந்துச்சு சார், காசு வேண்டாம்” என்றேன். நல்ல மனசு உங்களுக்கு என்று கையைப் பிடித்துக்கொண்டார். பையன் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். பேஸ்ட்டின் ஈரம் காயாத கவரை அவன் பார்த்திருப்பான். அவனிடம் இதுவரை நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது வேறு பட்டறையில் இருக்கிறான்.

இப்போதெல்லாம் கவரை மூடுவதற்கு முன் குறிகளைப் படம் எடுத்து வண்டிக்காரருக்கு அனுப்பிவிடுகிறேன். நீங்களும் உங்கள் மெக்கானிக்கிடம் அந்தப் படத்தைக் கேளுங்கள், தவறாக நினைக்க மாட்டார். அந்த இரண்டு சென்சார்களின் விலையையும் மாற்றிய கூலியையும் ஆசிரியருக்கு நான் இன்னும் திருப்பித் தரவில்லை. அவர் வீடு எனக்குத் தெரியும். பணத்தோடு போய் நடந்ததைச் சொல்லப் போகிறேன்.