கடைசி ‘ள்’

எங்கள் தெருமுனையில் பூ விற்கும் அம்மாவுக்கு எழுபது நெருங்குகிறது. கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டில் தனியாக இருக்கிறார். 2015 டிசம்பரில் அடையாறு வீட்டுக்குள் வந்தபோது தகரப் பெட்டியோடு பழைய காகிதங்களும் போய்விட்டன. போன மாதம் சுருக்குப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினார்.

“முதியோர் பணத்துக்கு எழுதிப் போட்டேன் சார். இல்லேன்னுட்டாங்களாம். ஏன்னு கொஞ்சம் பாருங்க.”

பார்த்தேன். ரேஷன் கார்டில் பெயர் ‘அம்மா’ என்று முடிகிறது, ஆதாரில் ‘அம்மாள்’ என்று. அவ்வளவுதான் விஷயம்.

தமிழ்நாட்டில் இந்த முதியோர் உதவித்தொகை 1962 ஏப்ரலில் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. 2011-இல் ஆயிரம், 2023 ஆகஸ்டில் 1,200. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வேட்டி சேலை உண்டு. இ-சேவை மையத்தில் மனுவைப் பதிய வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் விசாரிப்பார் (பட்டணத்திலும் அவருக்கு அதே பெயர்தான்!). பிறகு தாலுகாவில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் உத்தரவு போடுவார். மகளிர் உரிமைத்தொகை வேறு, இது வேறு. ஒருவரே இரண்டையும் வாங்க முடியாது. இதெல்லாம் பூக்கட்டும் ஒருவருக்கு யார் சொல்வார்கள்? திட்டத்துக்குப் பஞ்சமில்லை. எந்த ஜன்னலில் போய் நிற்பது என்பதுதான் தெரிவதில்லை.

அந்த ஜன்னலுக்கு உட்பக்கம் முப்பது வருஷம் உட்கார்ந்தவன் நான். புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தேன். ‘திக்தே’ என்று ஒன்று உண்டு. வாத்தியார் வாசிக்க நாம் எழுத வேண்டும். ஒரு ‘ஆக்ஸான்’, அதாவது எழுத்தின் தலையில் போடும் சின்னக் கோடு விட்டுப்போனாலும் மார்க் போய்விடும். அந்தக் கண்ணோடுதான் உத்தியோகத்துக்கு வந்தேன். மனுக்களில் எழுத்து வேறுபாடு கண்டுபிடிப்பதில் எனக்கு நல்ல பெயர். ஒரு முறை, தகப்பனார் பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்ததற்காக ஒரு கிழவரைத் திருப்பி அனுப்பினேன். எங்கே போய்த் திருத்துவது என்று அவர் கேட்டார். “அது எங்க வேலை இல்லை” என்றேன். அவர் மறுபடி வரவில்லை. சட்டப்படி நான் செய்தது சரி. அதனால்தான் அவரை மறக்க முடியவில்லை போலிருக்கிறது.

ரேஷன் கார்டுத் திருத்தத்தைப் பேரன் உணவுப்பொருள் துறை இணையதளத்திலேயே போட்டுக் கொடுத்தான். ‘ள்’ வந்து சேர்ந்ததும் நான் அந்த அம்மாவோடு இ-சேவைக்குப் போய்ப் புதிதாக மனுப் பதிந்தேன். நம் வயதுக்காரர்கள் இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளலாம்: முதியோர் உதவிக்கு 14567, முதல்வரின் முகவரிக்கு 1100.

ஒப்புகைச் சீட்டைச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டு அந்த அம்மா கேட்டார்: “விசாரிக்க வர்றப்ப நீங்களும் கூட இருப்பீங்களா சார்?”

இருப்பேன் என்றேன். எப்போது வருவார்களோ, மதியத் தூக்கத்தை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறேன்.