சோப்பு டப்பா

மெகோ என்கிற அமெரிக்க பொம்மை கம்பெனி, 1974-இல் எட்டு அங்குல ஸ்பாக் பொம்மையைக் கடைக்குக் கொண்டுவந்தபோது, ஸ்டார் ட்ரெக் தொடர் நின்றுபோய் ஐந்து வருஷம் ஆகியிருந்தது. 1966-இல் என்பிசியில் தொடங்கி, 79 அத்தியாயங்களோடு 1969-இல் முடிந்த தொடர். மறுஒளிபரப்பில்தான் அதற்குப் பெரிய கூட்டம் சேர்ந்தது. ஆக, அந்த பொம்மை பிறக்கும்போதே பாதி ஞாபகமாகத்தான் பிறந்தது.

தொடர் ஓடிக்கொண்டிருந்த காலத்துச் சாமான்கள் இன்னும் வேடிக்கை. ரெம்கோ என்ற கம்பெனி, தன்னிடம் ஏற்கெனவே இருந்த விளையாட்டுச் சாமான்கள் மேல் ஸ்டார் ட்ரெக் பெயரைப் போட்டு விற்றது. அதில் ஒரு டாங்க்கூட உண்டு. விண்கலத்தில் போகிறவர்களுக்கு டாங்க் எதற்கு? பையன்கள் கேட்கவில்லை, விளையாடினார்கள். தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரியின் லிங்கன் எண்டர்பிரைசஸ், எடிட்டிங்கில் வெட்டிப்போட்ட ஃபிலிம் துண்டுகளைத் தபாலில் விற்றது. அதற்கும் ஆள் இருந்தது.

இப்படியெல்லாம் சாமான் இருப்பதே எங்களுக்குத் தெரியாது. எண்பதுகளில் தூர்தர்ஷன் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்டார் ட்ரெக் போட்டது. எங்கள் வீட்டில் கறுப்பு வெள்ளை டிவி. இங்கிலீஷ் பாதிக்கு மேல் புரியாது. அண்ணன்தான் கதை சொல்வான், பெரும்பாலும் அவனே இட்டுக்கட்டினது.

கம்யூனிகேட்டருக்கு ஊருக்குப் போகும்போது எடுத்துப்போகிற சோப்பு டப்பா. மணிக்கட்டைச் சுண்டினால் மூடி திறக்க வேண்டும். அதற்காகவே அண்ணன் கீலை ஆட்டி ஆட்டித் தளர்த்தி வைத்திருந்தான். மொட்டைமாடியில் அவன், கிணற்றடியில் நான். "கேப்டன், அம்மா சாப்பிடக் கூப்பிடறாங்க." "இந்தக் கிரகத்துல என்ன குழம்புன்னு கேளு." காதோடு வைத்தால் லைஃப்பாய் வாசனை அடிக்கும்.

பல வருஷம் கழித்து, பழைய புத்தகக் கடையில் ஒரு ஆங்கிலப் பத்திரிகையின் நடுப்பக்கத்தில் அவர்களைக் கலரில் பார்த்தோம். மஞ்சள், நீலம், சிவப்பு. அண்ணன் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "டேய், ஸ்பாக் சட்டை நீலம்டா" என்றான். அந்தப் பக்கத்தைப் பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டினோம். வீடு மாறியபோது பீரோவோடு அதுவும் பழைய சாமான்காரரிடம் போய்விட்டது.

இன்று இந்தச் சந்தையில் பிரிக்காத பெட்டிக்குத்தான் விலை. யாரும் விளையாடாத பொம்மையே உயர்ந்த பொம்மை. தொடருக்காகச் செய்த மூன்றடி எண்டர்பிரைஸ் மாதிரி எழுபதுகளின் கடைசியில் காணாமல்போனது. 2023-இல் ஏல இணையதளம் ஒன்றில் தலைகாட்டி, 2024-இல் ராடன்பெரியின் மகனிடம் வந்து சேர்ந்தது. நிபுணர்கள் பார்த்து, அதுவேதான் என்று உறுதி சொன்னார்கள்.

அதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் சோப்பு டப்பா கம்யூனிகேட்டராக இருந்தது என்று உறுதி சொல்லக்கூடிய ஒரே நிபுணர் அண்ணன். அவன் போய் மூணு வருஷம் ஆகிறது. கடையில் வாங்கின சாமானுக்கு ஆயிரம் பேர் சாட்சி. ஒருத்தர் மறந்தாலும் இன்னொருத்தர் வைத்திருப்பார். வீட்டில் செய்த சாமானுக்குச் செய்தவர்களை விட்டால் யார் இருக்கிறார்கள்? நாஸ்டால்ஜியா என்று எல்லாரும் சொல்வது, என் விஷயத்தில், இப்படி ஒரு சாட்சியைத் தேடுவதுதான் போல.

மெகோ அதே 1974-இல் கம்யூனிகேட்டர் என்று ஒரு வாக்கி டாக்கியும் விட்டது. நீல நிற பிளாஸ்டிக், ஜோடியாகத்தான் வரும். பல ராத்திரி அதை ஏலப் பக்கங்களில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அண்ணன் மகளுக்குப் பத்து வயசு. ஒன்றை அவளிடம் கொடுத்து மொட்டைமாடிக்கு அனுப்ப வேண்டும். அதற்குப் பெட்டியைப் பிரிக்கணும், பிரித்தால் விலை போய்விடும்.

போகட்டும்.