கல்லடிக்குத் தப்பிக் கொக்குவில் சேர்ந்த கார்

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதியால் வடக்கு நோக்கிச் செல்வோர் சிறிது தூரத்திலேயே கொக்குவிலை அடைந்துவிடுவர். வீதிக்கு ஏறக்குறைய ஒட்டினாற்போல் புகையிரதப் பாதை ஓடுகிறது. மஞ்சவனப்பதி முருகன் கோயிலும் இந்துக் கல்லூரியும் இவ்வூரின் பெயரை வெளியூராருக்கு அறிவித்தவை. சுருட்டுக் கைத்தொழில் செழித்திருந்த காலத்தில் தென்னிலங்கைக் கடைகளிலும் இதன் பெயர் புகையோடு மணத்தது. வீதியிலிருந்து உள்ளே திரும்பினால் ஒழுங்கைகள்; ஒழுங்கைக்குள் ஒழுங்கை. இரு பக்கமும் மதிலோ வேலியோ நெருங்கி நிற்க, ஒரு கார் நுழைந்தால் எதிரே வரும் துவிச்சக்கர வண்டிக்காரர் இறங்கி ஒதுங்கி நிற்க வேண்டும்.

இந்த ஒழுங்கைகளிலே பழைய கார்களைப் பேணுவோர் இன்றும் உளர். ஒஸ்ரின் ஏ40, மொரிஸ் மைனர் ஆகியவை இங்கே காட்சிப் பொருள்கள் அல்ல. வீட்டில் மூத்தோர் போன்றவை. 1990களில் பெற்றோல் கிட்டாதிருந்தபோது, சில துளி பெற்றோலை ஊட்டி இயந்திரத்தை எழுப்பி, பின் மண்ணெண்ணெயிலே ஓடிக் குடும்பங்களைக் காத்தவை இக்கார்களே. 1995ஆம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமத்து மக்கள் யாவரும் ஒருசேரப் புறப்பட்டபோது, கொக்குவிலைச் சேர்ந்த எம் அயலவர் ஒருவரின் குடும்பத்தையும் ஒரு மொரிஸ் மைனரே சாவகச்சேரிக்குச் சுமந்து சென்றது. அடுத்த ஆண்டு அவர்களுடன் திரும்பியும் வந்தது. ஏ9 பாதை திறந்த பின்னர், 2003இல் அது வவுனியாவிலுள்ள அம்மானிடம் போய்ச் சேர்ந்தது. அம்மான் காலமானபின் கொட்டகையிலே உறங்கிக் கிடந்த அக்காரை ஊருக்கு மீட்டு வருவதென அயலவர் தீர்மானித்தார். பாடசாலை விடுமுறையாதலால் நாமும் உடன் சென்றோம்.

இயந்திரம் உயிரற்றிருந்தது. சில்லுகளும் தடுப்புகளும் நன்றாயிருந்தன. லொறியில் ஏற்றி வரலாமே என்று வாசகர் கேட்கலாம். கார் ஏற்றும் லொறிக்குக் கேட்ட கூலி ஒருபுறமிருக்க, அந்த லொறி எம் ஒழுங்கைக்குள் திரும்பாது என்பதே பெருந்தடை. ஆகவே ஒரு வானின் பின்னே இரும்புக் கம்பியாற் பிணைத்து, நான்கு சில்லும் நிலத்தில் உருள, ஒருவர் உள்ளே இருந்து திசை திருப்ப, இழுத்து வருவதென்று முடிவாயிற்று. கயிறு இதற்கு உதவாது. வான் நின்றால் கயிறு நிறுத்தாது. பின்சில்லுக்குச் செல்லும் சுழல்தண்டை முதலில் கழற்றிவிட்டார் மெக்கானிக். இயந்திரம் ஓடாதபோது கியர்ப்பெட்டியினுள் எண்ணெய் சரிவரத் தெறிக்காது. நெடுந்தூரம் அப்படியே இழுத்தால் உள்ளுறுப்புகள் தேய்ந்துபோம்.

எம் கவலை வேறொன்று. கொட்டகையிலிருந்து தார்வீதி வரைக்கும் சில மைல் தூரம் செம்மண் கிரவல் பாதை. "கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது" என்பர் முன்னோர். அயலவரின் தாயார் கண்ணடிக்கென்று தேசிக்காயும் செத்தல் மிளகாயும் கொடுத்தனுப்பியிருந்தார். ஆனால் இக்காருக்குக் கல்லடியே பேரிடர். 1956இன் இறுதியில் வெளிவரத் தொடங்கிய மொரிஸ் மைனர் 1000 வகையைச் சேர்ந்தது அது. அதற்கு முந்தியவற்றில் முன்கண்ணாடி இரு தட்டைத் துண்டுகளாயிருக்கும். உடைந்தால் கண்ணாடிக் கடையில் வெட்டிப் பொருத்தலாம். இதிலோ வளைந்த ஒரே கண்ணாடி. அதுவும் பழைய பதப்படுத்திய கண்ணாடி. இக்காலக் கண்ணாடியில் இரு தகடுகளுக்கிடையே ஒட்டுப்படலம் இருப்பதால் கல் பட்ட இடத்தில் மட்டும் விரிசல் விழும். அந்தப் பழைய வகையோ ஒரு சிறுகல் பட்டாற்போதும், முழுவதும் வெண்ணிறமாகி நொறுங்கிவிடும். கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வருவோம் என்றார் ஒருவர். அறுபது ஆண்டு கடந்த ரப்பர் விளிம்பு கைபட்டாலே பிளக்கும் என்று மெக்கானிக் மறுத்தார். உள்ளே இருப்பவரின் கண்ணுக்கு யார் பொறுப்பு என்றும் கேட்டார்.

"மாஸ்ரர், எதிரிலை வாற லொறியை விடுங்கோ. இழுக்கிற எங்கட வானின்ரை சில்லுத்தான் இந்தக் காருக்கு எதிரி" என்றார் அவர். உண்மை அதுவே. முன்னே செல்லும் லொறி கல் எறிந்தால் பின்வரும் சாரதி பின்தங்கிக்கொள்ளலாம். கட்டி இழுக்கப்படும் காருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை; எறிபவனுக்குச் சில அடி பின்னாலேயே வழி முழுவதும் வரவேண்டும். வான் மணிக்கு 40 கி.மீ. ஓடினால், அதன் சில்லிலிருந்து பிரியும் கல் ஏறக்குறைய அந்த வேகத்தோடே காரில் மோதலாம். பௌதிகம் பயிலும் மாணவர் கணக்கிட்டுப் பார்க்கட்டும்: மோதும் சக்தி வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வது. 40ஐ 20 ஆக்கினால் அடி காற்பங்காகும். 10 ஆக்கினால் பதினாறில் ஒன்று. எனவே முதற்கவசம் சாரதியின் பாதத்திலேதான் இருக்கிறது.

அமெரிக்காவில் வீட்டையே மோட்டார் வண்டியாக்கி ஊர் சுற்றுவோர் பலர். சமையலறையும் படுக்கையும் கொண்ட அப்பெரு வண்டியின் பின்னே, கடைத்தெருவுக்குச் சென்றுவரவென்று ஒரு சிறிய காரையும் இதே போல நான்கு சில்லில் இழுத்துச் செல்வர். அவர்களுக்கும் இதே தொல்லை உண்டு. 1942இல் அமைக்கப்பட்ட அலாஸ்கா நெடுஞ்சாலை நெடுங்காலம் கிரவல் பாதையாகவே இருந்தது. அவ்வழியே போனவர்கள் விளக்குகளுக்கு மூடியும் முகப்புக்குக் கம்பிவலையும் இட்டுச் சென்றனர். இக்காலத்தில் வண்டியின் பின்புறம் முழு அகலத்துக்கும் ரப்பர்த் திரை தொங்கவிடுவதும், இரு வண்டிகளுக்கிடையே துணித்தட்டி கட்டுவதும், பூச்சின் மேல் ஒளிபுகும் படலம் ஒட்டுவதும் அங்கே வழக்கம். எமக்கு அவை கிட்டா. கிட்டியவற்றைக் கொண்டு எம் மெக்கானிக் செய்ததைச் சற்று விரித்துரைப்போம்.

வானின் பின்புறம், அதன் முழு அகலத்துக்கும், தடித்த ரப்பர்ப் பாயொன்றைத் தொங்கவிட்டார். சில்லின் பின்னே தனித்தனியாகத் தொங்கும் மட்காட் போதாது. சில்லின் பக்கவாட்டில் நசுங்கித் தெறிக்கும் கற்களுக்கு அது தடையாகாது. ஓட்டத்தின் காற்றில் பாய் பின்னோக்கி எழும்பும். எழும்பினால் அதன் கீழே கல் தாராளமாகப் புகும். ஆதலால் அடி விளிம்பில் இரும்புச் சங்கிலி ஒன்றைக் கோத்தார். நிலத்தைத் தொடாமல் நான்கு விரற்கிடை இடைவெளி விட்டார். புகைக்குழாய் வரும் இடத்தில் ரப்பர் கருகாதபடி வெட்டி நீக்கினார். வானைப் பின்னோக்கி எடுக்கும்போது பாய் சில்லின் கீழ் அகப்படும் என்பதால், அப்பொழுது சுருட்டிக் கட்டவும் ஒரு கயிறு வைத்தார்.

இரண்டாவது காவல், குருநகர்ப் பக்கத்திலிருந்து வாங்கிவந்த பழைய மீன்வலை. அதனை நான்காக மடித்து, காரின் முன்பம்பரில் நாட்டிய இரு மூங்கிற் கழிகளிலே தளர்வாகத் தொங்கவிட்டார். இறுக்கிக் கட்டிய பலகை கல்லை வேறெங்கோ திருப்பி எறியும். தளர்ந்த வலையோ கல்லோடு சேர்ந்து பின்வாங்கி, அதன் வேகத்தை விழுங்கிவிடும். காற்றும் ஊடே போகும். உள்ளே இருப்பவருக்குப் பாதையும் தெரியும். வலைஞர் அறிந்த இந்நுட்பத்தை மெக்கானிக்கும் அறிந்திருந்தது எமக்கு வியப்பூட்டியது. முன்விளக்குகளுக்குப் பனையோலைப் பெட்டி மூடிகள், உள்ளே தும்பு அடைத்து. பகற்பயணமாதலின் விளக்குத் தேவைப்படவில்லை. பின்விளக்குகளுக்கு மட்டும் வானிலிருந்து வயர் இழுத்துக் கொடுத்தார்.

முகப்பைத் தார்ப்பாயால் இறுகச் சுற்றிவிட்டால் என்ன என்று அயலவர் கேட்டார். கூடாது. புழுதி உள்ளே புகுந்து, பாய் அதிர அதிர மணற்கடதாசி போலப் பூச்சைத் தேய்த்துவிடும். கல் ஒரு புள்ளியைக் கெடுக்கும். தார்ப்பாய் முகம் முழுவதையும் கெடுக்கும். குளிர்நீர்ப் பெட்டியின் முன்னால் மட்டும், நன்றாகக் கழுவித் துடைத்தபின், மெல்லிய சாக்கொன்றைக் கட்டினார். ஓடாத இயந்திரத்துக்குக் காற்று வேண்டியதில்லை.

கிரவல் பாதையை மனிதர் ஓடும் வேகத்திலும் குறைவாகவே கடந்தோம். தார்வீதி ஏறுமுன் மெக்கானிக் வானை நிறுத்தச் சொன்னார். ரயரின் பள்ளங்களில் சிக்கியிருந்த கற்களை ஒரு திருகாணிச் செலுத்தியால் ஒவ்வொன்றாகத் தோண்டி எறிந்தார். கிரவலில் மெதுவாகச் செல்லும்போது ஒட்டியிருக்கும் கல், தார்வீதியில் வேகம் கூடியபின்னரே கழன்று பறக்கும். வீதி சுத்தமாயிருக்கிறது என்று நாம் மகிழும் வேளையில் கண்ணாடி உடைவது இதனால்தான். இரட்டைச் சில்லு லொறியாயின் இரு ரயர்களுக்கிடையே முட்டைக் கல்லே சிக்கிக்கொள்ளும். அவர் லொறியை விடுத்து வானைத் தெரிந்தமைக்கு அதுவும் ஒரு காரணம்.

ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம். 2003இல் இதே வழியால் இக்கார் தெற்கே சென்றபோது, குழியும் சல்லிக்கல்லுமாய்க் கிடந்த பாதையில் ஒரு முன்விளக்கை இழந்ததாம். இன்று அகன்ற தார்வீதி. ஆயினும் 40க்கு மேல் செல்ல மெக்கானிக் இடந்தரவில்லை. பின்னால் வந்த பஸ் வண்டிகள் எம்மைச் சபித்துக்கொண்டு முந்தின. முறிகண்டிப் பிள்ளையாரிடம் எல்லா வாகனங்களையும் போல நாமும் நின்றோம். தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கிக்கொண்டிருக்கையில், மெக்கானிக் வலையை உதறினார். ஒன்பது கற்கள் விழுந்தன. அவற்றிற் பெரியது புளியங்கொட்டை அளவு. அயலவர் அவற்றைப் பொறுக்கிக் கச்சான் சரையில் இட்டுக்கொண்டார்.

ஆனையிறவுக்கு அப்பால், முந்திச் சென்ற பஸ் வண்டியொன்று வீதியோரத்துக் கல்லை எழுப்பிவிட்டது. அது வலையின் பக்கமாக நுழைந்து இடப்புற முன்தகட்டில் பட்டது. மிளகளவு பூச்சுப் போயிற்று. பிறர் எறியும் கல்லுக்கு எம் வலையில் இடமிருக்கவில்லை. பக்கங்களிலும் ஒரு முழம் வலை விட்டிருக்கலாம் என்றார் மெக்கானிக். துரு ஏறாதபடி அன்று மாலையே அவ்விடத்தில் சிறிது பூச்சுத் தொட்டு வைத்தார்.

பொழுது சாயும் நேரத்தில் கொக்குவில் ஒழுங்கைக்குள் திரும்பினோம். இங்கே நிலத்தில் வெண்சுண்ணக்கல். வன்னிக் கிரவலின் செம்மை காரின் அடியில் மட்டும் ஒட்டியிருந்தது. கம்பியைக் கழற்றிவிட்டு, கடைசித் தூரத்தைக் கையாலேயே தள்ளினோம். தாயார் வாசலில் நின்று முதலில் கண்ணாடியைத்தான் தடவிப் பார்த்தார். தேசிக்காயைத் தொட்டு, இதனாலேதான் என்றார். மெக்கானிக் ஒன்றும் சொல்லாமல் வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.