நண்டைத் தேடி எண்ணூர் வரை

காலை ஆறு மணி. எண்ணூர்க் கடற்கரை. படித்த மனிதன் ஒருவன் ஈர மணலில் குப்புறப் படுத்துக்கொண்டு, ஐந்தாறு அடி தூரத்தில் இருக்கும் ஒரு பொத்தலைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறான். முழங்கையில் மணல், மூக்கு நுனியில் மணல், சட்டைப் பையில் மணல். இந்தக் காட்சியைப் பார்த்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? "பாவம், எதையோ தொலைத்துவிட்டான்" என்றுதானே? தாழங்குப்பத்துச் சிறுவன் ஒருவனும் அப்படித்தான் நினைத்தான்.

"இன்னா சார், துட்டு எதுனா வுழுந்துச்சா?"

"இல்லையப்பா. நண்டைப் போட்டோ எடுக்கிறேன்."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "இது கொழம்பு வெக்கற நண்டு இல்ல சார். சும்மா ஓடற நண்டு!"

பையன் சொன்னது சரிதான். நீங்கள் மார்க்கெட்டில் வாங்கி, மிளகு தட்டிப் போட்டுக் குழம்பு வைக்கிறீர்களே, அந்த நீல நண்டு கடலில் நீந்துவது. அதன் கடைசி ஜோடிக் கால்கள் துடுப்பைப் போலத் தட்டையாக இருப்பதைக் கழுவும்போதே கவனித்திருப்பீர்கள். சேற்று நண்டு கழிமுகத்துச் சகதியில் வாழ்வது. நான் தேடிப் போனவனோ கரை மணலில் வளை தோண்டிக் குடியிருக்கும் சின்னஞ்சிறு ஆசாமி. மணலின் நிறம்தான் அவனுக்கும். ஓடினால் தெரிவான், நின்றால் மறைந்துவிடுவான். அதனால் 'பேய் நண்டு' என்று பெயர். விஞ்ஞானிகள் வைத்த 'ஓசிப்போடு' என்ற பெயருக்குக் கிரேக்க மொழியில் 'விரைந்த கால்' என்று பொருள். நொடிக்கு இரண்டு மீட்டர் வரை ஓடுவதாக அளந்திருக்கிறார்கள். அதுவும் பக்கவாட்டில்!

"இதற்காகவா எண்ணூர் வரை?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நானும் முதலில் பக்கத்திலேயே முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பீச் ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறி, அடுத்த ஸ்டேஷனான ராயபுரத்தில் இறங்கினேன். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் புறப்பட்டது இங்கிருந்துதான். அந்தப் பெருமையை மனசுக்குள் சொல்லிக்கொண்டே கடலை நோக்கி நடந்தேன்.

கடல் இருந்தது. அலை இருந்தது. கரையைத்தான் காணோம்!

கண்ணுக்கு எட்டிய தூரம் கருங்கற்கள். ஒவ்வொன்றும் ஒரு மாட்டு வண்டி அளவு. அலை வந்து அவற்றின்மேல் மோதிச் சிதறிக்கொண்டிருந்தது. கல் இடுக்குகளில் கறுத்த பாறை நண்டுகள் ஓடின. நடுநடுவே கடலுக்குள் நீட்டிக் கட்டியிருக்கும் தூண்டில் வளைவுகளின் மடியில் கொஞ்சம் மணல் ஒதுங்கியிருந்தது. அதிலும் படகும் வலையும் மனிதர்களும் நெருக்கியடித்துக்கொண்டிருந்தால் நண்டு எங்கே குடியிருக்கும்?

வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம், "ஐயா, இங்கே மணல் கிடையாதா?" என்று கேட்டேன்.

"மணலா? அல்லாம் மெரினாவுல கெடக்குது, போய்ப் பாரு தம்பி" என்றார் அவர், தலை நிமிராமலே.

கேலி செய்கிறார் என்று எண்ணிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்டிய பிறகுதான் அவர் சொன்னது எவ்வளவு பெரிய உண்மை என்று விளங்கியது.

சென்னைக் கடலோர மணல் ஓரிடத்தில் கிடப்பதில்லை. ஓயாமல் பிரயாணம் செய்கிறது. வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் தெற்கேயிருந்து வரும் அலைகள் அதை வடக்கே தள்ளுகின்றன. வட கிழக்குப் பருவக் காற்றுக் காலத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். சென்னைத் துறைமுகத்துக்கு 1875-ல் அடிக்கல் நாட்டினார்கள். கடலுக்குள் நீண்ட அதன் கற்சுவர்கள் மணலை வழி மறித்துக்கொண்டன. தெற்கே தங்கிய மணல் விரிந்து விரிந்து இன்றைய மெரினாவாயிற்று. 1884-ல் கவர்னர் கிராண்ட் டஃப் அங்கே உலாவும் பாதை போட்டார். நாமும் இன்றுவரை காற்று வாங்குகிறோம்.

வடக்கே என்ன ஆயிற்று? மாதச் சம்பளம் நின்றுபோய்ச் செலவு மட்டும் நடந்தால் குடும்பம் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வர வேண்டிய மணல் வரவில்லை. இருந்த மணலை அலை அரித்துக்கொண்டே இருந்தது. ராயபுரம் தொடங்கித் திருவொற்றியூரையும் தாண்டி, கரையோரத்து வீடுகளையும் தெருக்களையும் கடல் கொண்டது. மிச்சத்தைக் காப்பாற்றத்தான் அந்தக் கருங்கற்கள்.

அடுத்த வாரம் எண்ணூர் நெடுஞ்சாலையோடு பஸ்ஸில் போனேன். ஒரு பக்கம் கண்டெய்னர் லாரிகளின் ஊர்வலம்; மறுபக்கம் கல் சுவர். திருவொற்றியூரில் இறங்கி, தியாகராஜரையும் வடிவுடையம்மனையும் தரிசித்துவிட்டு, கடலோரத்தில் இருக்கும் பட்டினத்தார் சமாதிக்குப் போனேன். கடற்கரை மணலில் சிறுவர்களோடு மறைந்து மறைந்து விளையாடிய பட்டினத்தார், கடைசியில் ஒரு முறை மறைந்தவர் மறைந்தவரேதான். அங்கே லிங்கம் இருந்தது என்று கதை சொல்கிறார்கள். நண்டு நினைப்பாகவே இருந்த எனக்கு, அந்த விளையாட்டுக்கு எத்தனை மணல் வேண்டியிருந்திருக்கும் என்றுதான் தோன்றியது!

மூன்றாவது முறை, விடியும் முன்பே கிளம்பி, எண்ணூர் ஸ்டேஷனில் இறங்கி, ஆட்டோ பிடித்துத் தாழங்குப்பம் போனேன். கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்துப் பக்கம் அது. வடக்கே அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள். அப்பால் 2001-ல் வந்த எண்ணூர்த் துறைமுகம். ஆனால் காலடியில் மணல். நிஜமான மணல்! அதில் பொத்தல், பொத்தல், எங்கே பார்த்தாலும் பொத்தல்.

காமிராவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நான் ஓடிய வேகத்தில் எல்லாரும் வீட்டுக்குள் போய்விட்டார்கள். அப்போதுதான் அந்தப் பையன் குருவாக வந்து வாய்த்தான்.

"நடந்தா அதுக்குத் தெரிஞ்சிடும் சார். படுத்துக்கோ. நெழலு குழி மேல வுழக் கூடாது. கையை ஆட்டாதே."

படுத்தேன். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். பதினைந்தாவது நிமிஷம் வளை வாசலில் இரண்டு கண்கள் தோன்றின. காம்பின் நுனியில் நட்டு வைத்தாற்போன்ற கண்கள். தலையைத் திருப்பாமலே நாலு திசையும் பார்க்கும் கண்கள். பிறகு மெள்ள உடம்பு வந்தது. ஒரு பக்கத்துக் கால்களில் மணலை அணைத்துக்கொண்டு வந்து, வாசலுக்கு வெளியே விசிறி எறிந்துவிட்டு, மறுபடி உள்ளே போயிற்று. திரும்பி வந்தது, மறுபடி எறிந்தது. காலையில் வாசல் பெருக்கிக் குப்பை கொட்டும் காரியத்தை நண்டு வீட்டிலும் செய்துதான் ஆக வேண்டியிருக்கிறது!

அதன் கொடுக்குகள் இரண்டும் ஒரே அளவு அல்ல, ஒன்று பெரியது. பெரிய கொடுக்கின் உட்புறம் வரிவரியாக இருக்கும் மேட்டைத் தேய்த்து ஒலி எழுப்புமாம். கொடுக்குகள் வேறு வேலையில் இருந்தால் வயிற்றுக்குள் இருக்கும் அரைக்கும் பற்களைத் தேய்த்தே உறுமும் என்று 2019-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். வயிற்றால் கோபித்துக்கொள்ளும் பிராணி!

முகத்துவாரத்தை ஒட்டிய ஈரப் பரப்பில் இன்னொரு அதிசயம். கடுகும் மிளகும் கொட்டி வைத்ததுபோல் ஆயிரக்கணக்கான மணல் உருண்டைகள், வளையைச் சுற்றிக் கோலம் போட்டாற்போல். விரல் நகம் அளவே உள்ள நண்டுகளின் கைவேலை. மணலை வாயில் போட்டு, அதில் ஒட்டியிருக்கும் உணவை மட்டும் எடுத்துக்கொண்டு, சுத்தமான மணலை உருட்டி வைத்துவிடுகின்றன. அடுத்த ஏற்றத்தில் கடல் கோலத்தை அழித்துவிடும். மறுநாள் மறுபடியும் கோலம்.

சங்கப் புலவர்கள் இவற்றை விட்டு வைப்பார்களா? கடற்கரை நண்டை 'அலவன்' என்றார்கள்; அதைத் துரத்தி விளையாடுவது நெய்தல் நிலப் பெண்களின் பொழுதுபோக்கு. ஐங்குறுநூற்றில் வயல் நண்டுக்கென்றே 'கள்வன் பத்து' என்று பத்துப் பாட்டு இருக்கிறது. கள்வன் என்றால் அங்கே நண்டு. எட்டிப் பார்த்து ஓடி ஒளிகிறவனுக்கு வேறு என்ன பெயர் பொருந்தும்?

மீன் கூடையோடு வந்த அம்மாள் ஒருத்தி என் பக்கத்தில் நின்றாள்.

"எம்மாம் நேரமா இப்டியே கெடக்கறே தம்பி? அந்த எண்ணெய் வந்தப்ப இங்க கால் வெக்க முடியாது, தெரியுமா? படகு, வலை அல்லாம் கறுப்பாப் பூட்ச்சு."

2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவிய எண்ணெயைச் சொன்னாள். அதற்கு முன்பு 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டு எண்ணெய் கொட்டியபோது, ஜனங்கள் வாளி வாளியாக அதை அள்ளியது உங்களுக்கு நினைவிருக்கும். பேய் நண்டு மூச்சு விடுவதற்குத் தன் செவுள்களை எப்போதும் ஈரமாக வைத்திருக்க வேண்டும். அந்த ஈரத்தை மணலிலிருந்துதான் உறிஞ்சிக்கொள்கிறது. மணலில் எண்ணெய் ஊறினால் அது எங்கே போகும்? அதனால்தான் பல தேசங்களிலும் ஒரு கடற்கரை நலமாக இருக்கிறதா என்று அறிய, விஞ்ஞானிகள் இந்த நண்டு வளைகளை எண்ணிப் பார்க்கிறார்கள்.

நானும் எண்ணினேன். அலை ஓரமாக ஐம்பது தப்படி தூரத்துக்குள் நூற்றுப் பத்து வளைகள். நண்டுகள் திரும்பி வந்து குடியேறியிருக்கின்றன. மணல் இருந்தால் போதும், மனிதர்களோடு அவை வழக்குக்கு வருவதில்லை. ஆனால் அந்த மணலுக்குத்தான் நிச்சயம் இல்லை. எண்ணூர்த் துறைமுகத்தாலும் தெற்கே மணல் சேர்கிறது. வடக்கே காட்டுப்பள்ளிப் பக்கம் கரை அரிக்கிறது. ராயபுரத்தின் பழைய கதைதான், ஊர்தான் வேறு.

உங்களுக்கும் போகத் தோன்றினால் விடியற்காலையில் போங்கள். குழந்தைகளையும் அழைத்துப் போங்கள். உள்ளங்கையில் விரலால் நண்டு விட்டு விளையாடுகிறோமே, அவர்கள் அசல் நண்டையும் பார்க்கட்டும். மங்கலான நிறத்தில் துணி உடுத்துங்கள். காமிராவை மணலில் வைக்காதீர்கள். முக்கியமாக, வளையைத் தோண்டாதீர்கள். பொறுமையாக இருந்தால் அதுவே வெளியே வரும்.

நான் புறப்படும்போது பையன் கேட்டான்: "எதுக்கு சார் குழியெல்லாம் எண்ணினே?"

சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தான்.

"அப்போ நானே டெய்லி எண்றேன். நீ அடுத்த வாட்டி வந்து கேளு."

வீட்டுக்கு வந்ததும், காசிமேட்டைத் தாண்டிப் போய்விட்டு வெறுங்கையோடு வந்ததற்கு எனக்குக் கிடைத்த மரியாதையை இங்கே விவரிக்கப் போவதில்லை. ஆனால் மறுபடியும் எண்ணூர் போகத்தான் வேண்டும். அங்கே ஒருவன் கணக்கு வைத்துக்கொண்டு காத்திருப்பான்.