பக்கத்து வீட்டுச் சேவலும் நம்ம தூக்கமும்

1) நாமக்கல் மாவட்டத்துல தினமும் கோடிக்கணக்குல முட்டை உற்பத்தியாகுது. ஆனா ஒரு முட்டைப் பண்ணைக்குள்ள போய் நின்னு பாருங்க, ஒரு "கொக்கரக்கோ" கூட கேக்காது. அங்க சேவலே கிடையாது. பொரிப்பகத்துலயே ஆண் குஞ்சுகளைப் பிரிச்சுடறாங்க. கோழி முட்டை போட சேவல் தேவையில்லை, குஞ்சு பொரிக்கணும்னாதான் தேவை.

2) அப்ப சேவல் எங்க கூவுது? குடியிருப்புக்குள்ள! சேலம், ராசிபுரம், திருச்செங்கோடுன்னு தோட்டத்துல வளர்ந்தவங்க டவுன்ல வீடு கட்டி வர்றப்ப கோழிக் கொடாப்பும் கூடவே வந்துடுது. தோட்டத்துல ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவுல ஒரு காடே இருக்கும். இங்க நடுவுல மூணு அடி சந்துதான். சேவல் அதே சேவல்தான், தூரம்தான் குறைஞ்சு போச்சு. பிரச்னையே அதுதான். இழை கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

3) என்கிட்ட பிபிக்கு வர்ற ஒரு அம்மா. வயசு அம்பதுக்கு மேல. (அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) ரெண்டு மாத்திரை போட்டும் பிபி இறங்கல. "தூக்கம் எப்படிம்மா?"ன்னு கேட்டேன். "எங்கீங்க டாக்டர், மூணரைக்கே முழிப்புத் தட்டிருதுங்க. பக்கத்தூட்டு சாவல்"னாங்க. அவங்க படுக்குற ரூம் ஜன்னலுக்கு நேரா, அடுத்த வீட்டு மொட்டை மாடியில கூண்டு.

4) அடுத்து அவங்க கேட்டதுதான் சிக்கல். "சாவல் சத்தத்தாலதான் பிபி ஏறுதுன்னு ஒரு சர்டிபிகேட் குடுங்க டாக்டர். போலீஸ்ல குடுத்துடறோம்." வெளிய மகன் ரெடியா நிக்கிறாரு. ரெண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்னு மூணு மாசமாம்.

5) முதல்ல மருத்துவம். ஆரோக்கியமான ஒருத்தருக்குத் தூங்கும்போது பிபி பகலை விட 10 முதல் 20 சதவீதம் இறங்கணும். ரத்தக்குழாய்க்கு அதுதான் ஓய்வு. விடியற்காலைத் தூக்கம் இயல்பாவே லேசானது, கார்டிசாலும் அப்பதான் ஏறும். அந்த நேரத்துச் சத்தம் சுலபமா எழுப்பிடும். உலக சுகாதார நிறுவனத்தோட 1999 வழிகாட்டுதல்படி, ராத்திரி படுக்கையறைக்குள்ள திடீர்னு வர்ற ஒரு சத்தம் 45 டெசிபலைத் தாண்டாம இருக்கறது நல்லது.

6) சேவல் எவ்வளவு சத்தம் போடும்? 2018ல பெல்ஜியம் ஆராய்ச்சியாளர்கள் சேவலோட காதுகிட்டயே மைக் வச்சு அளந்தாங்க. 130 டெசிபலுக்கு மேல! அதுக்கு ஏன் காது செவிடாகல? அலகை முழுசாத் திறக்கும்போது அதோட காதுத் துளை மூடிக்குது. போதாததுக்கு, காதுக்குள்ள சேதமான செல்கள் பறவைகளுக்குத் திரும்ப வளரும். நமக்கு அந்த ரெண்டு வசதியும் இல்லை.

7) "விடியறதுக்கு முன்னாடி ஏன் கூவுது, தெரு விளக்கைப் பாத்தா?"ன்னு நிறைய பேர் கேப்பாங்க. ஜப்பான்ல நகோயா பல்கலைக்கழகத்துல 2013ல மங்கலான ஒரே மாதிரி வெளிச்சத்துல சேவல்களை நாள் கணக்கா வச்சுப் பாத்தாங்க. அப்பவும் ஏறக்குறைய 24 மணிக்கு ஒரு தடவை கூவல் வந்துச்சு. சேவலுக்கு உள்ளுக்குள்ளயே கடிகாரம் இருக்கு. சாதாரணமா வெளிச்சம் வர்றதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே ஆரம்பிச்சுடும். வெளிச்சமும் பக்கத்துச் சேவலோட சத்தமும் அதை இன்னும் தூண்டிவிடும்.

8) அதே குழு 2015ல இன்னொண்ணும் கண்டுபிடிச்சது. கூட்டத்துல பெரிய தலை எதுவோ அதுதான் முதல்ல கூவும். மத்ததெல்லாம் வரிசைப்படி பின்னாடி. ஆக, மூணரை மணிக்குச் சேவல் கூவறது திமிரும் இல்ல, வளக்கறவங்க குத்தமும் இல்ல. அதோட உடம்பு அப்படி. திட்டியோ தண்ணி ஊத்தியோ நிறுத்த முடியாது.

9) சர்டிபிகேட் விஷயத்துக்கு வர்றேன். "சேவலால்தான் பிபி"ன்னு நான் எழுத முடியாது. ராத்திரிச் சத்தத்துக்கும் பிபிக்கும் தொடர்பு சொல்ற ஆய்வுகள் பெரும்பாலும் வாகனம், விமானச் சத்தத்தை வச்சு வந்தவை. இந்த அம்மாவுக்கு உப்பு அதிகம், எடை அதிகம், மனசுல கோபம் வேற. "பல மாதங்களாக விடியற்காலையில் தூக்கம் தடைபடுவதாகக் கூறுகிறார், தடையற்ற தூக்கம் அவசியம்"னு எழுதித் தரலாம். அதைச் சொன்னேன். "ஆனா ஸ்டேஷனுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை நீங்களே நேர்ல போய்ப் பேசுங்கம்மா. சாவலை அறுங்கன்னு கேக்காதீங்க, இடத்தை மாத்துங்கன்னு கேளுங்க"ன்னேன்.

10) இடத்தை மாத்துறது ஏன் முக்கியம்னா, கேரளாவுல பத்தனம்திட்டா மாவட்டம் அடூர்ல 2025 பிப்ரவரியில இதே வழக்கு. மூணு மணிக்குக் கூவற சேவலால தூக்கம் போச்சுன்னு ஒரு பெரியவர் புகார் குடுத்தார். ஆர்டிஓ விசாரிச்சாங்க. மேல்மாடியில இருந்த கூண்டை 14 நாளுக்குள்ள வீட்டோட தெற்குப் பக்கத்துக்கு மாத்தச் சொல்லி உத்தரவு. சேவலை விரட்டச் சொல்லல!

11) இதுக்கு எதிர்ப்பக்கமும் இருக்கு. பிரான்ஸ்ல ஒலெரோன் தீவுல மோரிஸ்னு ஒரு சேவல். லீவுக்கு மட்டும் வந்து தங்கற பக்கத்து வீட்டுக்காரங்க வழக்குப் போட்டாங்க. 2019 செப்டம்பர்ல கோர்ட்டு அதைத் தள்ளுபடி பண்ணுச்சு. 2021ல கிராமத்துச் சத்தத்தையும் வாசனையையும் பாரம்பரியமா ஏத்துக்கற சட்டமே அங்க வந்துச்சு. தோட்டத்துக்குப் பக்கத்துல வீடு வாங்கிட்டு சேவல் கூவுதுன்னு சொல்றதும் நியாயம் இல்லதான். நம்ம நாட்டு ஒலி மாசு விதிகள் (2000) குடியிருப்புப் பகுதிக்கு ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை 45 டெசிபல்னு வரம்பு வச்சிருக்கு.

12) அந்த அம்மா போய்ப் பேசினாங்க. அப்பதான் விஷயமே தெரிஞ்சுது. பக்கத்து வீட்டு ஆயா அந்தச் சாவலை முனியப்பனுக்கு நேந்து விட்டிருக்காங்க. பேரனுக்கு உடம்பு சரியில்லாம போனப்ப வேண்டினது. "விக்கவும் முடியாது, யாருக்கும் குடுக்கவும் முடியாது கண்ணு. பண்டிகை வரைக்கும் வச்சிருந்துதான் ஆகோணும்"னு சொல்லியிருக்காங்க. மூணு மாசமா இந்த வீட்டுக்கு அது தெரியாது. அந்த வீட்டுக்கும் இந்தம்மாவோட பிபி தெரியாது.

13) கடைசியில கூண்டு மாடியிலிருந்து இறங்கி வீட்டுக்குப் பின்னாடி, மாட்டுக் கொட்டாய் சுவத்து ஓரம் போச்சு. பொழுது சாஞ்சா கொடாப்பு மேல காத்து போற மாதிரி சாக்கு. சாவல் இப்பவும் மூணரைக்குத்தான் கூவுச்சு. ஆனா நடுவுல ரெண்டு சுவரு. அந்த அம்மா படுக்கையை முன் ரூமுக்கு மாத்தி, உப்பையும் குறைச்சாங்க. ரெண்டு மாசத்துல பிபி இறங்குச்சு. எதனால எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. மூணாவது மாத்திரை தேவைப்படல, அது போதும். பண்டிகை அன்னைக்கு அவங்க வீட்டுக்கும் குழம்பு வந்துச்சாம்.

14) சேவல் வளக்கறவங்களுக்கு:
முட்டைக்காக மட்டும்னா பொட்டைக் கோழி போதும்.
மாடியில கூண்டு வேண்டாம், உயரத்துலருந்து சத்தம் தூரம் போகும்.
பக்கத்து வீட்டுப் படுக்கையறை எந்தப் பக்கம்னு பாத்து வைங்க.
ஒண்ணுக்கு மேல சேவல் இருந்தா ஒண்ணு ஆரம்பிச்சா மத்ததும் கூவும்.
சத்தம் வராம இருக்கக் கழுத்துல கயிறு, ரப்பர் கட்டாதீங்க. மூச்சு அடைச்சுச் செத்துடும்.
எச்சத்தைத் தினமும் அள்ளுங்க, கோழியைத் தொட்டா சோப்பு போட்டுக் கை கழுவுங்க. சின்னக் குழந்தைங்களுக்குச் சால்மோனெல்லா வரலாம்.
ஒரே நேரத்துல பல கோழி செத்தா வெறுங்கையால தொடாம கால்நடை ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்க.

15) தூக்கம் கெடுறவங்களுக்கு:
காதுக்குப் பஞ்சு அடைப்பான், ஃபேன் சத்தம், அறை மாத்தறது எல்லாம் உதவும்.
சேவலுக்காகத் தூக்க மாத்திரையை நீங்களா வாங்கிப் போடாதீங்க.
நைட் ஷிப்ட் முடிச்சு வர்ற தறிக்காரங்க, லாரி டிரைவர்கள் பகல்ல தூங்கறதைப் பக்கத்து வீட்டுல சொல்லி வைங்க. சொன்னாத்தான் அவங்களுக்குத் தெரியும்.
பேசியும் நடக்கலன்னா எழுத்துல புகார் குடுங்க. அது உங்க உரிமை.

16) சேவலுக்கு நம்ம மணிக்கணக்கு புரியாது. அதுக்கு இடம் பாத்துக் கொடுக்க வேண்டியது மனுசங்கதான். மூணு அடி சந்துல எட்டி நின்னு ரெண்டு வார்த்தை பேசினா பாதி வழக்கு அங்கேயே முடியும்.

நல்லாத் தூங்குங்க.