லிண்டல் மட்டத்துல நின்ன வீடு

போன மே மாச லீவுல நீங்க எல்லாரும் இன்டர்ன்ஷிப்னு சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் பஸ் ஏறினீங்கல்ல, நான் ஊருக்குப் போனேன். விக்கிரமசிங்கபுரம். வி.கே.புரம்னு சொன்னா உடனே "பாபநாசம் அருவியா?"ன்னு கேப்பீங்க. ஆமா, அந்தப் பக்கம்தான்.

பெரிய லட்சியம் எல்லாம் ஒண்ணும் இல்லை. அப்ளை பண்ணின மூணு கம்பெனியும் பதில் போடல, அவ்வளவுதான். எங்க சித்தப்பா ஒரு ஊராட்சி ஒன்றியத்துல ஓவர்சியர். "வீட்ல போனை நோண்டிக்கிட்டு கெடக்கதுக்கு என்கூட வண்டியில ஏறு. நாலு அஸ்திவாரத்தைப் பாரு"ன்னார். ஏறிட்டேன்.

ஓவர்சியர்னா நம்ம டிபார்ட்மென்ட்ல ஒரு சிரிப்பு இருக்கு, மறைக்க வேண்டாம். டிசைன் தெரியாதவர், டேப்பும் நோட்டும் வச்சிக்கிட்டு சைட்ல நிக்கிறவர். நானும் அப்படி நெனச்சவதான். அதனாலதான் முதல் நாளே லேப்டாப்ல ஒரு பிளான் போட்டு எடுத்துட்டுப் போனேன்.

முதல்ல திட்டத்தைச் சொல்லிடறேன். 'கலைஞரின் கனவு இல்லம்'. 2024 பிப்ரவரி பட்ஜெட்ல அறிவிச்சாங்க. 2030க்குள்ள கிராமங்கள்ல குடிசையே இருக்கக் கூடாது, அதுக்கு 8 லட்சம் கான்கிரீட் வீடு வேணும்ங்கிறது கணக்கு. ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். 360 சதுர அடி. அதுல 300 கான்கிரீட் கூரை, மிச்சம் 60 வீட்டுக்காரங்க விருப்பப்படி. இதுக்கு முன்னாடி 2011ல வந்த பசுமை வீடு, அதுக்கும் முன்னாடி 1985ல ஆரம்பிச்ச இந்திரா குடியிருப்பு, அது மாறி 2016ல பிரதமர் வீடுன்னு வரிசையா உண்டு. ஊர்ல எல்லாத்துக்கும் ஒரே பேருதான்: தொகுப்பு வீடு.

3.5 லட்சத்தை 360ஆல வகுத்துப் பாருங்க. சதுர அடிக்கு 972 ரூபாய். எங்க ஊர் காண்ட்ராக்ட்காரர் யாருகிட்டயாவது இந்த ரேட்டைச் சொன்னா டீ வாங்கிக் கொடுத்து அனுப்பி வச்சிருவார். சரி, இங்கதான் இன்ஜினியரிங் வேணும்னு நெனச்சேன். லாரி பேக்கரோட எலிப்பொறிக் கட்டு நம்ம செகண்ட் இயர்ல படிச்சதுதானே? செங்கலைக் குத்துக்கால் வச்சு நடுவுல வெற்றிடம் விட்டுக் கட்டினா நாலுல ஒரு பங்கு செங்கல் மிச்சம். அதைத்தான் பிளான்ல போட்டிருந்தேன்.

கொத்தனார் பொறுமையா கேட்டார். "எம்மா, செங்கல் மிச்சம் சரி. ஒரு நாள் வேலை ஒண்ணரை நாளாவும். அந்தக் கூலி யாரு தருவா?"

அதுக்கு எங்கிட்ட பதில் இல்லை. பக்கத்துல நின்ன ஆச்சி, அவுங்க வீட்டுக்குத்தான் அந்த பிளான், ஸ்கிரீனை உத்துப் பாத்துட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. "ஆட்டை எங்கன கெட்ட?" ஹால் போட்டிருந்தேன், அடுக்களை போட்டிருந்தேன். தார்சா போடல. ரெண்டு ஆட்டுக்கும் மழைக்கு ஒதுங்க இடம் இல்லை. அந்த 60 சதுர அடி எதுக்குன்னு அன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சது.

ஆச்சியோட பழைய வீடு மண் சுவரு. 2023 டிசம்பர் 17, 18ல தாமிரபரணியில வந்த வெள்ளம் ஞாபகம் இருக்கும். நீங்க டிவியில பாத்திருப்பீங்க, நாங்க வாசல்ல நின்னு பாத்தோம். ஆறு அவுங்க வீடு வரைக்கும் வரல. ஆனா ரெண்டு நாள் விடாம பெஞ்ச மழையில சுவரு ஊறி ராத்திரியோட சரிஞ்சிருச்சு. அதுல இருந்து தார்ப்பாய்க்குக் கீழதான், மருமகளும் ரெண்டு பேரப்பிள்ளைகளுமா. மகன் கேரளாவுல வேலைக்குப் போனவர், மாசாமாசம் பணம் வரும், சில மாசம் வராது.

பட்டா இருந்ததால பட்டியல்ல பேர் வந்திடுச்சு. அதே ஊர்ல வாய்க்கால் ஓரமா இருக்கிற இன்னொரு குடும்பத்துக்கு ஆச்சியை விட மோசமான குடிசை. நிலம் புறம்போக்கு. "கான்கிரீட் கிரேடு பாக்கதுக்கு முன்னாடி பட்டா நம்பரைப் பாரு"ன்னு சித்தப்பா சொன்னார். அந்தக் குடும்பத்துக்காக அவர் தாலுகா ஆபீசுக்கு அலைஞ்சது ஓவர்சியர் வேலையே இல்லை. இன்னும் அலையுறார். எல்லைக் கணக்கு இன்னொண்ணும் உண்டு. வி.கே.புரம் நகராட்சி, ஒட்டி இருக்கிற சிவந்திபுரம் ஊராட்சி. கோட்டுக்கு இந்தப் பக்கம்னா நகர்ப்புறத் திட்டம், அந்தப் பக்கம்னா யூனியன். ஆபீஸ் மாறி நின்னு ஒரு நாள் கூலியை விட்டவங்களை நானே பாத்தேன்.

இப்ப விஷயத்துக்கு வரேன். பணம் மொத்தமா வராது. பேஸ்மட்டம் முடிஞ்சா ஒரு தவணை, லிண்டல் முடிஞ்சா ஒண்ணு, கூரை போட்டா ஒண்ணு, பூச்சு எல்லாம் முடிஞ்சா கடைசித் தவணை. கேக்க நியாயமாத்தான் இருக்கு. பணத்தை வாங்கிட்டு வீடு கட்டாம விட்டுரக் கூடாதுல்ல? ஆனா முடிச்சாத்தான் பணம்னா, முடிக்கதுக்குப் பணம் யாரு போடுவா? கையில காசு இருக்கிறவன் குடிசையில ஏன் இருக்கப் போறான்? நம்ம ஊருப்பக்கம் நீங்க நடந்து பாருங்க, ஜன்னல் மட்டத்துலயும் லிண்டல் மட்டத்துலயும் செடி மொளைச்சு நிக்கிற சுவருங்க தெரியும். டிசைன் தப்பினால நின்ன வீடு ஒண்ணைக்கூட நான் பாக்கல.

இதுக்கு சித்தப்பா ஒரு வழி வச்சிருந்தார், எந்தப் புஸ்தகத்துலயும் இல்லாத வழி. அந்த ஊர்ல நாலு வீடு சாங்ஷன். நாலுக்கும் ஒரே கொத்தனார், ஒரே சென்ட்ரிங் ஷீட். வாரம் தள்ளி வாரம் ஒவ்வொண்ணா ஏத்துறது. ஒரு வீட்டுக்கு பில் வந்ததும் கொத்தனார் அடுத்த வீட்டைக் கடனுக்குத் தொடங்குவார், ஆள் எங்கயும் போகாது. சாதாரண லைன் ஆஃப் பேலன்ஸ்தான், நம்ம பிராஜெக்ட் மேனேஜ்மென்ட் பேப்பர்ல பத்து மார்க் கேள்வி. ஆனா நாலு வீடும் ஒரே தெருவுல இல்லை. ரெண்டு இந்தத் தெரு, ரெண்டு அந்தத் தெரு. 'தெரு'ன்னா என்ன அர்த்தம்னு தமிழ்நாட்டுல யாருக்கும் நான் விளக்கத் தேவையில்லை. அந்த வீட்டுக்குப் போன ஷீட்டு எங்களுக்கு வேண்டாம்னு ஒருத்தர் நின்னார். சித்தப்பா சண்டை போடல. அவர் வீட்டுத் திண்டுல உக்காந்து சாயந்திரம் வரைக்கும் பேசிட்டு வந்தார். ஷீட்டு போச்சு.

அன்னைக்கு நான் குத்தம்பாக்கம் இளங்கோவைப் பத்திச் சொன்னேன். உங்கள்ல பல பேருக்குத் தெரியாது: ஏ.சி. டெக்ல கெமிக்கல் இன்ஜினியரிங் படிச்சவர். நல்ல வேலையை விட்டுட்டு சொந்த ஊருக்கு வந்து, 1996ல திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கத்துல ஊராட்சித் தலைவரானார். அழுத்திச் செஞ்ச மண் கல், உள்ளூர் ஆள்கள்னு செலவைக் குறைச்சார். அங்க கட்டின சமத்துவபுரத்துல 50 கட்டடம், ஒவ்வொண்ணும் இரட்டை வீடு. பொதுச் சுவருக்கு ஒரு பக்கம் தலித் குடும்பம், மறுபக்கம் வேற சாதிக் குடும்பம். "நம்ம பக்கம் இப்படிச் செய்ய முடியுமா சித்தப்பா?"ன்னு கேட்டேன். அவர் வண்டியை ஸ்டார்ட் பண்ணிக்கிட்டே, "மொதல்ல ஒரே ஷீட்டு ரெண்டு தெருவுக்கும் போவட்டும்"ன்னார்.

இனி என் தப்பு. ஜூன் கடைசி. ஆச்சி வீட்டுக்கு லிண்டல் முடிஞ்சது. சித்தப்பா அடுத்த தெருவுல அளந்துக்கிட்டு இருந்ததால போனை எங்கிட்ட கொடுத்து, ஆப்ல போட்டோ எடுத்து ஏத்தச் சொன்னார். வீட்டை ஒட்டி நின்னு எடுக்கணும்னு சொல்லித்தான் கொடுத்தார். முழு வீடும் பிரேமுக்குள்ள வரலை. எனக்கு நல்ல போட்டோ வேணும். வாய்க்காலைத் தாண்டி அந்தக் கரையில நின்னு, பின்னாடி மலை எல்லாம் தெரிய எடுத்தேன். சூப்பரா வந்தது, ஸ்டேட்டஸ்லகூட வச்சேன்.

முந்தின கட்டத்துப் போட்டோவும் இதுவும் ஒரே இடத்தைக் காட்டலைன்னு பில் திரும்பி வந்துச்சு. அது திரும்பின சேதி தெரியவே பத்து நாள். மறுபடி எடுத்து, ஏத்தி, கையெழுத்தாகி வரதுக்குள்ள மூணு வாரம் போயிருச்சு. அதுக்குள்ள ஆடி பொறந்துட்டு. ஆடியில கூரை போட ஆச்சி சம்மதிக்கல. யார் சொல்லியும் கேக்கல. கொத்தனாருக்குப் பாக்கி 20,000. அவர் எத்தனை நாள் பொறுப்பார்? ஆச்சி வட்டிக்கு வாங்கிட்டாங்க, நூத்துக்கு மாசம் பத்து.

மாசம் 2,000 ரூபாய் வட்டி. உங்களுக்கு இது சின்னத் தொகையாத் தெரியலாம். 2017 அக்டோபர்ல திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸ் வாசல்ல ரெண்டு சின்னப் பிள்ளைகளோட ஒரு குடும்பம் தீக்குளிச்சது கந்துவட்டியாலதான். எங்க மாவட்டத்துல 'வட்டி'ங்கிற வார்த்தையை யாரும் சும்மா சொல்றதில்லை. அன்னைக்கு ராத்திரி நான் சாப்பிடல. சித்தப்பா திட்டவும் இல்லை. திட்டியிருந்தா பரவாயில்லைன்னு இருந்துச்சு.

காலேஜ் தொறந்துட்டு, நான் வந்துட்டேன். ஆவணி முதல் வாரம் கூரை போட்ட படம் வாட்ஸ்அப்ல வந்துச்சு. தவணை வந்ததும் முதல் வேலையா வட்டிக்காரனுக்குக் கொடுத்தாங்களாம். அந்த வட்டிப் பணம் பூச்சுக்கு எடுத்து வச்சது. அதனால உள்பக்கம் மட்டும் பூசியிருக்கு.

தீபாவளிக்குப் போனப்போ பாத்தேன். வெளிச்சுவர் இன்னும் செங்கலாத்தான் நிக்கி. தார்சாவுல ரெண்டு ஆடு. என் ஸ்காலர்ஷிப்ல இருந்து கொஞ்சம் எடுத்துட்டுப் போயிருந்தேன், நீட்டினேன். ஆச்சி வாங்கல, காப்பிதான் போட்டுத் தந்தாங்க. கிளம்பும்போது சுவரைக் காட்டி, பூசினதும் படம் எடுக்கணும், வரட்டுமான்னு கேட்டேன்.

"வாட்டி"ன்னாங்க. "ஆனா வாய்க்காலுக்கு அங்குட்டுப் போவாத. கிட்ட நின்னு புடி."