உபதேசியார் கேட்ட கேள்வி

கிறிஸ்துமஸ் பிரசங்கங்களில் பெரும்பாலானவை பத்து நிமிடத்துக்குள் தொழுவத்தை விட்டுக் கிளம்பிவிடுகின்றன. பிள்ளை பிறந்தது, தூதர்கள் பாடினார்கள், மேய்ப்பர்கள் வந்தார்கள். அடுத்த வாக்கியம் கொல்கொதாவில் போய் நிற்கிறது. பிறந்ததே சிலுவைக்காகத்தானே என்று பிரசங்கியார் சொல்லும்போது அதை மறுக்க எனக்கு வாய் வராது. ஆனாலும் மனசு ஆறுவதில்லை. தேவன் மனுஷ உடம்பெடுத்து வந்திருக்கிறார்; அந்த உடம்பின் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் இருந்துவிட்டுப் போகக்கூடாதா?

எங்கள் ஊர் உபதேசியாருக்கு அந்த அவசரம் கிடையாது. தேரிக்காட்டு ஊர் அது. சேகரத்தில் ஊர்கள் அதிகம். சேகரத்தின் குருவான ஐயருக்குப் பெரிய கோயிலில் ஆராதனை இருக்கும். எங்கள் கோயிலில் விடியற்காலை நாலு மணி ஆராதனை உபதேசியார் பொறுப்பு. மழையில் நனைந்த செம்மண்ணை மிதித்து வந்தவர்கள் வாசலில் காலைக் கழுவிவிட்டுப் பாயில் உட்காருவார்கள். புதுத்துணியின் கஞ்சி வாடையும், பெட்டியிலிருந்து எடுத்த சேலைகளின் பாச்சா உருண்டை வாடையும், பெட்ரோமாக்ஸின் மண்ணெண்ணெய் வாடையும் சேர்ந்து வரும். எனக்குக் கிறிஸ்துமஸ் என்றால் இன்றைக்கும் முதலில் வருவது அந்த வாடைதான், கேக் அப்புறம்தான்.

ஒரு வருஷம் அவர் வேதத்தை மூடி வைத்துவிட்டுப் பெண்கள் பக்கம் திரும்பிக் கேட்டார்: “தொப்புள்கொடியை அறுத்தது யாரு?”

கோயிலில் அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. இளம்பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். முன்வரிசையில் இருந்த ஓர் ஆச்சி, ஊரில் பாதிப்பேருக்குப் பிரசவம் பார்த்தவள், சத்தமாகவே சொன்னாள்: “மரியாளேதான் அறுத்திருப்பா அய்யா. வேற ஆரு இருந்தா அங்க?”

உபதேசியார் தலையாட்டினார். பிள்ளையைத் துணியில் சுற்றி முன்னணையில் கிடத்தியது தாயே என்றுதான் லூக்கா எழுதியிருக்கிறார். பிரயாணத்தில் வந்தவள், சொந்தத்தில் ஒரு பெண்பிள்ளை பக்கத்தில் இல்லை, பெற்ற கையோடு அவளே எழுந்து துணி சுற்றியிருக்கிறாள். அதிலிருந்து பிரசங்கம் போயிற்று. வெந்நீர் யார் போட்டது, அவளுக்குக் காயம் இடித்துக் கொடுக்க யார் இருந்தது, யோசேப்பு எங்கே நின்றார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிள்ளை பெற்ற பெண்கள் அழுதார்கள். தேவகுமாரன் அவர்களுக்குத் தெரிந்த வழியாகவே உலகத்துக்கு வந்திருந்தார்.

பல வருஷங்கள் கழித்து, கிழக்குத் திருச்சபைகள் வரையும் பிறப்பு ஓவியம் ஒன்றை ஒரு புத்தகத்தில் பார்த்தபோது அந்த ஆச்சியை நினைத்துக்கொண்டேன். குகைக்குள் மரியாள் களைத்துச் சாய்ந்திருக்கிறாள். ஒரு மூலையில் யோசேப்பு குழம்பிப்போய் உட்கார்ந்திருக்கிறார். கீழே இரண்டு பெண்கள் பிள்ளையைக் குளிப்பாட்டுகிறார்கள். இரண்டாம் நூற்றாண்டில் யாக்கோபின் பெயரால் எழுதப்பட்ட ஒரு நூலில் மருத்துவச்சி வருகிறாள். திருச்சபை அதை வேதாகமத்தில் சேர்க்கவில்லை, ஆனால் ஓவியர்கள் அவளை விட்டுவிடவில்லை. உபதேசியார் அந்த நூலைப் படித்திருக்க வாய்ப்பில்லை. அவருடைய கேள்வி ஊரிலிருந்து வந்தது.

பிறப்பு என்றால் கூசியவர்கள் அன்றும் இருந்தார்கள். மார்சியோன் என்ற போதகர் இயேசுவின் பிறப்பை மறுத்தே விட்டார். கருப்பை, இரத்தம், பால் இதெல்லாம் தேவனுக்கு அடுக்குமா என்பது அவர் கட்சி. கார்த்தேஜில் இருந்த தெர்த்துல்லியன் மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவருக்குப் பதில் எழுதினார். அந்த அசுத்தம் எதையும் அவர் மூடி மறைக்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லிவிட்டு, மனுஷனை நேசித்தவர் அவன் பிறக்கிற விதத்தையும் சேர்த்தே நேசித்தார் என்று வாதாடினார். கோபக்காரர், பல இடங்களில் கடுமையாகப் பேசுகிறவர். இந்த ஓர் இடத்துக்காக அவரை எனக்கு மிகவும் பிடிக்கும்.

அசிசியின் பிரான்சிஸ் 1223இல் கிரேச்சோ என்ற மலையூரில் செய்ததும் அந்தப் பிறப்பின் பக்கத்தில் நின்றதுதான். உண்மையான வைக்கோல், உண்மையான மாடு, கழுதை. ஊர்ஜனங்கள் தீவட்டியோடு வந்தார்கள். முன்னணைக்கு மேலேயே பலிபூசை நடந்தது. பிரான்சிஸ் குருவானவர் அல்ல, உதவிகுருதான். பூசை வைக்க அவருக்கு அதிகாரமில்லை. சுவிசேஷத்தைப் பாடினார், பிரசங்கித்தார். எங்கள் உபதேசியாருக்கும் திருவிருந்து கொடுக்க அதிகாரமில்லை, வார்த்தை மட்டுமே அவர் கையில் இருந்தது. பெத்லகேம் என்ற பெயரைப் பிரான்சிஸ் ஆட்டுக்குட்டி கத்துவதுபோலச் சொன்னார் என்று அவருடைய வரலாற்றை எழுதிய செலானோவின் தாமஸ் எழுதி வைத்திருக்கிறார். பிரசங்கத்தில் என்ன பொருள் சொன்னார் என்பதைவிட அந்தக் குரலைத்தான் அவர் விரிவாக எழுதியிருக்கிறார்.

அதற்கு வெகுகாலம் முன்பே, அந்தியோக்கியாவில் 386இல் கிறிஸ்துமஸ் புதுப்பண்டிகை. அங்கே பிரசங்கித்த கிறிசோஸ்தோம் ஜனங்களை வருந்தி வருந்திக் கூப்பிட்டார்: வந்து பாருங்கள், இந்த நற்கருணை மேஜையே முன்னணை, ஆண்டவரின் சரீரம் இங்கேயும் கிடத்தப்படும் என்று. பாளையங்கோட்டையில் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியார் தஞ்சாவூரில் இருந்துகொண்டு பெத்லகேம் குறவஞ்சி எழுதியபோது, குறி சொல்லும் குறத்தியைக் கூட்டிவந்தார். ஊருக்குத் தெரிந்த குரலில் சொன்னால்தான் ஊர் கேட்கும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

இன்றைய பிரசங்கியார்களுக்கு உரைநூல்களுக்குக் குறைவில்லை. சிலர் மிக நன்றாகப் படித்துத் தயாரிக்கிறார்கள். அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். உபதேசியாரின் தயாரிப்பு வேறு மாதிரி. அந்த வருஷம் கடைசியாகப் பிள்ளை பிறந்த வீட்டுக்கு 24ஆம் தேதி சாயங்காலம் போவார். கருப்பட்டியும் பூண்டும் மணக்கும் அந்தத் திண்ணையில் உட்கார்ந்து, பிள்ளையின் தகப்பனிடம் கொஞ்ச நேரம் பேசுவார். உள்ளேயிருந்து பிள்ளை அழுதால் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்பார். ஜெபித்துவிட்டு வருவார். மறுநாள் பிரசங்கத்தில் அந்த வீட்டைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதில்லை. ஆனால் அந்த அழுகையைக் கேட்டவர் பேசுகிறார் என்பது தெரியும்.

கிறிஸ்துமஸ் அன்று சிலுவையை அவர் தொடவே மாட்டார். பிள்ளையைத் துணியில் சுற்றிக் கிடத்துவதோடு நிறுத்திக்கொண்டு, மிச்சம் வருஷப்பிறப்புக்கு என்பார். ஜனவரி 1 எட்டாம் நாள். பிள்ளைக்கு விருத்தசேதனம் பண்ணி இயேசு என்று பெயரிட்ட நாள். அன்றைக்கு வேதத்தைத் திறந்ததும் அவர் பெயரைப் பற்றிப் பேச ஆரம்பிக்க மாட்டார். எட்டு நாள் பிள்ளைக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று தாய்மாரிடம் கேட்பார்.